மேடையில் வைத்த பேர்

உட்காரு தாயி. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் வலுவில்லை. இந்த ஸ்பீக்கர் பெட்டி மேலயே உட்காரு, ஒண்ணும் ஆகாது. தண்ணி குடிச்சியா? உள்ள போயிட்டு வர இவ்வளவு நேரம் ஆச்சே, என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் காப்பியே போட்டுக் கொடுத்திருப்பா. வீட்டுக்கு யார் வந்தாலும் அவளுக்குச் சந்தோஷம். என்னைத் தேடி வந்தவங்களைத் தவிர.

இப்படி இந்தப் பக்கமா நகர்ந்து இடது காதுக்குப் பேசு. வலது காது போச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே நின்னா காது என்ன செய்யும்? இடதும் பாதிதான். எதிர்ல நின்னு பேசினா வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். உள்ள நின்னு பேசினா எனக்கு ஊமைப்படம்தான். அது அவங்களுக்கும் தெரியும்.

சரி, கருத்துக்கணிப்புன்னு வந்து என்ன கேட்டே? வர்ற தேர்தல்ல எந்தக் கட்சிக்குப் போடுவீங்க, போன தேர்தல்ல எதுக்குப் போட்டீங்க. முதல் கேள்விக்கு நான் ஒரு நிமிஷத்துல பதில் சொல்லியிருப்பேன். அந்த ரெண்டாவதை நீ கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டே, இனி உட்கார்ந்துதான் ஆகணும். உன்கிட்ட எனக்கும் ஒரு கேள்வி இருக்கு. அதைக் கடைசியில கேக்குறேன்.

உன் போன்ல எல்லாக் கட்சிப் பேரும் வரிசையா இருக்குமே, அதுல நாலுல நான் இருந்திருக்கேன். இந்தத் தெருவுல யார்கிட்ட வேணும்னாலும் மைக்செட் தர்மலிங்கம் வீடு எதுன்னு கேளு, கட்சி மாறி வீடான்னு திருப்பிக் கேப்பாங்க. கேக்கட்டும். நான் மாறலை தாயி. நான் நின்ன இடத்துலதான் நிக்கிறேன். கட்சிதான் ஒவ்வொண்ணா நகர்ந்து போச்சு.

எங்க அப்பா வேற கட்சி. நீ போன்ல வச்சிருக்கியே, அதுல கடைசியில இருக்கும் பாரு, இப்ப அதுக்கு ஆள் இல்லை. எங்க வீட்டுச் சுவத்துல அவங்க தலைவர் படம் மூணு தொங்கும். எங்க தாத்தா படம் ஒண்ணுகூடக் கிடையாது. அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டேய்னு கூப்பிடுவார். மாட்டையும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் மானாமதுரையில ஒரு மைக்செட் கடையில வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் சோலையப்பன் அறிமுகம். எங்க ஊர்க் கிளைச் செயலாளர், நல்ல உயரம், தும்பைப்பூ மாதிரி வேட்டி. ஒரு கூட்டத்துக்கு நான் குழாய் கட்டிட்டு மரத்துலேருந்து இறங்குறேன், கீழ நின்னவர் என் தோள்ல கையைப் போட்டு, "தம்பி, சத்தம் நல்லா வருதுப்பா"ன்னார். அந்த வாரமே கட்சியில சேர்ந்துட்டேன். கொள்கை பிடிச்சுத்தான் சேர்ந்தேன், வேற எதுக்கும் இல்லை. அன்னைக்கு மேடையில என்ன கொள்கை பேசினாங்கன்னு கேக்காதே, அது ஞாபகம் இல்லை.

அப்பா வீட்டை விட்டுப் போடான்னார். போயிட்டேன். சொந்தமா மைக்செட் வாங்கினேன். எங்க கட்சிக் கூட்டத்துக்கு வாடகை கிடையாது, எதிர்க்கட்சி எவ்வளவு கொடுத்தாலும் கட்ட மாட்டேன். பஞ்சவர்ணத்தைக் கட்டினேன். ரெண்டு வருஷத்துல பொம்பளப்பிள்ளை பிறந்துச்சு.

இங்கேதான் நீ நல்லாக் கேக்கணும். எங்க கட்சியில ஒரு வழக்கம். தொண்டன் வீட்டுப் பிள்ளைன்னா தலைவர்தான் பேர் வைக்கணும். மாநாட்டுக்கோ கல்யாணத்துக்கோ அவர் இந்தப் பக்கம் வர்றப்ப பிள்ளையைத் தூக்கிட்டு வரிசையில நிப்போம். அவர் பிள்ளை கன்னத்தைத் தொட்டு மைக்குல ஒரு பேர் சொல்லுவார். அதுதான் பேர். நானும் பிள்ளைக்குப் பேர் வைக்காம காத்திருந்தேன். தலைவர் வர்றதா இருந்தது, மழையில தள்ளிப்போச்சு. அப்புறம் இடைத்தேர்தல் வந்துச்சு, அதுல தள்ளிப்போச்சு. அப்புறம் அவருக்கு உடம்புக்கு முடியலை. இங்கே பிள்ளை தவழ்ந்துச்சு, நின்னுச்சு, நடந்துச்சு. பேர் இல்லை. பஞ்சவர்ணம் அவங்க அம்மா பேரை வைக்கலாம்னு அழுதா, நான் சம்மதிக்கலை. பாப்பா, பாப்பான்னே கூப்பிட்டோம். உன் பேர் என்னன்னு யாராச்சும் கேட்டா, பிள்ளையே பாப்பான்னு சொல்லிக்கும்.

கடைசியில எங்க கட்சி ஜெயிச்ச வருஷம் தலைவர் வந்தார். பரமக்குடி ரோட்டுல வேனை நிறுத்தி, வேன் மேலயே மைக். குழாய் நான் கட்டினது. சோலையப்பன்தான் என் பிள்ளையை வாங்கித் தூக்கிப் பிடிச்சார். "வெற்றிச்செல்வி"ன்னார் தலைவர். நாலு குழாய்லயும் என் மக பேர் வந்துச்சு தாயி. நான் அழுதுட்டேன். பாப்பாவும் அழுதா, சத்தத்துக்குப் பயந்து. அன்னைக்கு வரிசையில நின்ன அத்தனை பொம்பளப்பிள்ளைக்கும் வெற்றிச்செல்விதான். பின்னாடி பள்ளிக்கூடத்துல ஒரே வகுப்புல மூணு வெற்றிச்செல்வி இருந்தாங்க. அதனால என்ன, பேர் வச்சது யாருன்னு பார்க்கணும்ல.

எட்டு ஒன்பது வருஷம் ஓடிச்சு. சோலையப்பன் ஒன்றியச் செயலாளர் ஆனார், நான் மைக்செட்காரனாவே இருந்தேன். அதுல எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேற.

நீ மேடைப் பேச்சு கேட்டிருக்கியா? உங்க வயசுப் பிள்ளைங்க எங்கே கேக்கப் போறீங்க. பேச்சுல முதல் கால் மணி நேரம் விஷயமே இருக்காது. மாவட்டச் செயலாளர் அவர்களே, நகரச் செயலாளர் அவர்களே, மகளிர் அணி அமைப்பாளர் அவர்களேன்னு வரிசையாக் கூப்பிட்டுக்கிட்டே போவாங்க. பந்தல் போட்டவருக்கு ஒரு அவர்களே உண்டு. சோடா கொடுத்த கடைக்காரருக்கு உண்டு. காவலுக்கு வந்த போலீசுக்கு உண்டு. அன்னைக்கு ஒன்றியக் கூட்டம், சோலையப்பன் பேசுறார். நான் ஆம்ப்ளிபையர் முன்னாடி உட்கார்ந்து, இதோ வரும், இதோ வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். சோடாக்காரர் வரைக்கும் வந்துட்டு, "நான் சொல்ல வருவது என்னவென்றால்"ன்னு ஆரம்பிச்சுட்டார். என் மைக்கு, என் குழாய், என் வயர். எனக்கு ஒரு அவர்களே கிடையாது.

ஆம்ப்ளிபையரை அணைச்சுட்டேன். அவர் வாய் மட்டும் அசையுது, கூட்டம் சிரிக்குது. இறங்கி வந்தார். கோபப்படுவார்னு பார்த்தேன், சிரிச்சார். "என்னடா தர்மா, நீ நம்ம வீட்டு ஆளுடா. உனக்கு எதுக்குடா அவர்களே?"ன்னார்.

டா போட்டார் தாயி. எங்க அப்பா மாதிரியே டா போட்டார். அதுக்கப்புறம் அந்தக் கட்சியில மானமுள்ளவன் இருப்பானா? நீயே சொல்லு.

எதிர்க்கட்சிக்காரங்க மறுநாளே வீடு தேடி வந்தாங்க. இணைப்பு விழா வச்சாங்க. "ஒலிபெருக்கி உலகின் ஒப்பற்ற வேந்தர், அண்ணன் தர்மலிங்கம் அவர்களே"ன்னு ஆரம்பிச்சாங்க பாரு, எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அதுக்கு முன்னாடி நான் அவங்களைப் பத்திக் கேள்விப்பட்டது எல்லாம் பொய்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. பாப்பா அப்ப ஆறாம் வகுப்பு. பட்டுப்பாவாடை கட்டி அழைச்சுட்டுப் போயிருந்தேன். மேடையில அந்தத் தலைவர்கிட்ட, ஐயா, இது அவங்க வச்ச பேர், இதை எடுத்துட்டு நீங்க ஒரு பேர் வைங்கன்னு சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "இனி இந்தக் குழந்தை புகழரசி"ன்னார். கைதட்டல் அடங்க நேரமாச்சு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு.

வீட்டுக்கு வர்ற வழியில பாப்பா கேட்டா, "அப்ப வெற்றிச்செல்வி எங்கப்பா போவா?"

சின்னப்பிள்ளைப் பேச்சு. நான் சிரிச்சுட்டேன்.

பள்ளிக்கூடத்துலயும் பேரை மாத்திக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சு வாத்தியார் கூப்பிட்டு விட்டார், உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துக்கே வர்றதில்லையேன்னு. வர்றாளே சார்ங்கிறேன். அப்புறம் பார்த்தா விஷயம் இது. வருகைப் பதிவுல புகழரசின்னு கூப்பிடுறாங்க, இவ பெஞ்சுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கா. வாயைத் திறக்கிறதில்லை. புது வாத்தியார், ஆள் தெரியாம ஆப்சென்ட் போட்டுக்கிட்டே வந்திருக்கார். ஏன்டி, உனக்கு இன்னும் அந்தக் கட்சிப் பாசம் போகலையான்னு கேட்டேன். ரெண்டு நாள் பஞ்சவர்ணம் என்கூடப் பேசலை. அப்புறம் பாப்பா பழகிட்டா. பிள்ளைங்க சீக்கிரம் பழகிடும்.

அந்தக் கட்சியில நான் நல்லாத்தான் இருந்தேன். அவங்கதான் துரோகம் பண்ணிட்டாங்க. ஒரு தேர்தல்ல போய் எங்க பழைய கட்சியோட கூட்டணி வச்சாங்க. ஒரே கம்பத்துல ரெண்டு கொடி. மேடை போட்டு, மைக் நான்தான் வைக்கணும். யார் பேச? சோலையப்பன் பேச. அவர் மேடைக்கு வந்ததும் நேரா என்கிட்ட வந்து, எல்லார் முன்னாடியும் கட்டிப் பிடிச்சு, "தர்மா, இளைச்சுட்டியேடா"ன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. நம்மளைச் சின்னவனாக்கத்தானே அப்படிச் செய்றது? வேற எதுக்கு ஒருத்தன் அப்படிக் கட்டிப் பிடிப்பான்? கொள்கை விரோதக் கூட்டணின்னு கடுதாசி கொடுத்துட்டு வெளியே வந்துட்டேன்.

மூணாவது கட்சி சின்னக் கட்சி. சின்னதா இருந்தா ஒரு நன்மை, எல்லாருக்கும் பதவி உண்டு. நான் மாவட்ட ஒலிபரப்பு அணிச் செயலாளர். அணியில நான் ஒருத்தன்தான், இருந்தாலும் எந்தக் கூட்டம்னாலும் அவர்களே தவறாது. அப்ப பாப்பா பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சிருந்தா. தலைவர் ஊருக்கு வர்றார்னதும் எனக்கு ஒரு யோசனை. நான் வாயைத் திறந்து முழுசாச் சொல்லக்கூட இல்லை. பஞ்சவர்ணம் அடுப்படியிலேருந்து வந்து நின்னா. எனக்கு எதிர்ல, வாயைப் பார்த்தாலே புரியுற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னா. "இன்னொரு பேர் வச்சீங்கன்னா நானும் பிள்ளையும் இந்த வீட்டுல இருக்க மாட்டோம்." சரி, பொம்பளைகளுக்கு அரசியல் தெரியாதுன்னு விட்டுட்டேன்.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். பஞ்சவர்ணம் இத்தனை வருஷமா யாருக்கு ஓட்டுப் போடுறான்னு எனக்குத் தெரியாது. நான் சொன்ன சின்னத்துக்குப் போட்டியான்னு கேட்டா சிரிப்பா. நான் நாலு கட்சி பார்த்துட்டேன், அவ அந்த ஒரே சிரிப்பைத்தான் சிரிக்கிறா. உன்கிட்ட உள்ள சொல்லியிருப்பாளே. முகத்தைப் பார்த்தா சொல்லியிருக்கான்னு தெரியுது. சரி விடு, உன் வேலை ரகசியம்.

பாப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டா. பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். அங்கே அவளுக்கு என்ன பேர் தெரியுமா? பாப்பா. ரெண்டு தலைவர் வச்ச பேரை விட்டுட்டு, பேர் இல்லாதப்ப கூப்பிட்டதைப் பேரா வச்சுக்கிட்டா. கல்யாணப் பத்திரிகையிலயும் அதைத்தான் போடச் சொன்னா. மாப்பிள்ளை வீட்டுல என்னங்க இது, செல்லப்பேரைப் போட்டிருக்கீங்கன்னு கேட்டாங்க. எனக்குத் தலைகுனிவாப் போச்சு.

அதுக்கப்புறம் மூணாவது கட்சியையே தலைவர் கலைச்சுட்டு, போய் எதுல சேர்ந்தார்னு நினைக்கிறே? சோலையப்பன் கட்சியில. அவர் பின்னாடியே நானும் போயிருந்தா, கிளம்பின இடத்துக்கே வந்து நின்னிருப்பேன். போகலை. போகாததுக்கு அப்புறம் எவனும் வரலை. ஒருநாள் மரத்துலேருந்து விழுந்து இடுப்பு போச்சு, மூணு மாசம் இந்த வாசல்லயே கிடந்தேன். எட்டிப் பார்த்தது சோலையப்பன் ஒருத்தர்தான். தடி ஊனிக்கிட்டு வந்தார். நான் தூங்குறதாச் சொல்லி அனுப்பச் சொல்லிட்டேன். அந்த வருஷமே அவரும் போயிட்டார். கொடி போர்த்தித்தான் கொண்டு போனாங்களாம். நான் போகலை. வேற கட்சிக்காரங்க சாவு.

இப்ப இந்தப் புதுக் கட்சி. நாலு பையங்க வந்தாங்க. இப்ப எல்லாரும் பெரிய பெரிய பாக்ஸ்தான் வைக்கிறாங்க, இவங்க பழைய குழாய்தான் வேணும்னு கேட்டு வந்தாங்க. கட்டிக் கொடுத்தேன். அதுல ஒரு பையன் என் தோள்ல கையைப் போட்டு, "அப்பா, சத்தம்னா இதுதான்பா சத்தம்"னான். அன்னைக்கே சேர்ந்துட்டேன். கொள்கை இன்னும் அச்சாகி வரலையாம். வரட்டும், என்ன அவசரம். ஆக, உன் முதல் கேள்விக்குப் பதில் கிடைச்சுதா? எழுதிக்கோ.

இனி என் கேள்வி.

என் மகளுக்கு வெகுநாள் பிள்ளை இல்லாம இருந்து, இப்ப பிறந்திருக்கு. பிரசவத்துக்கு இங்கேதான் வந்தா. பொம்பளப்பிள்ளை. நான் அந்தப் பையங்ககிட்டச் சொன்னேன். அவங்களுக்குத் தலைகால் புரியலை, அப்பா, தலைவரை வச்சே பேர் வச்சுடலாம்னாங்க. தெருமுனையில பிள்ளை போட்டோ போட்டுப் பேனர் கட்டினாங்க, பெயர் சூட்டு விழான்னு. தேதி மட்டும் ரெண்டு தடவை தள்ளிப்போச்சு. பெரிய தலைவர், ஆயிரம் வேலை இருக்கும்.

பாப்பா பிள்ளைக்கு ஊசி போட்டுட்டு ஆஸ்பத்திரியிலேருந்து வர்றப்ப அந்தப் பேனரைப் பார்த்திருக்கா. வந்து இந்த இடத்துல நின்னா, இப்ப நீ உட்கார்ந்திருக்கியே இங்கே. கத்தலை. என் இடது காதுக்குப் பக்கத்துல குனிஞ்சு சொன்னா. "எனக்கு ரெண்டு பேர் வச்சீங்கப்பா. ரெண்டுலயும் நான் இல்லை. இவளுக்கு நாங்க பேர் வச்சாச்சு. ஊருக்கே சொல்லுவோம். உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டோம்."

கோபத்துல சொல்றான்னு நினைச்சேன். கோபம் ஒரு வாரம் இருக்கும், ரெண்டு வாரம் இருக்கும். பிள்ளைக்கு இப்ப ஆறு மாசம் தாயி.

பால்காரனுக்குத் தெரியும். எதிர்வீட்டு அம்மாளுக்குத் தெரியும். என்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவங்க எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்காங்க. நான் பக்கத்துல போனா தங்கம்பாங்க, ராசாத்திம்பாங்க. நான் இங்கே வந்து உட்கார்ந்ததும் உள்ள பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. எனக்குக் கேக்காது. ஆனா பார்க்கத் தெரியும்ல. பஞ்சவர்ணம் வாய் அசையும், தொட்டில்ல பிள்ளை தலையைத் திருப்பும், சிரிக்கும். பேர் சொன்னாத்தானே அப்படித் திரும்பும்? நான் பாப்பா பாப்பான்னு கூப்பிடுறேன், எனக்குத் திரும்பலை. யாரையோ கூப்பிடுறேன்னு நினைச்சுக்குது.

நாளைக்குக் காலையில மாப்பிள்ளை வண்டி எடுத்துட்டு வர்றார். திருப்பூர் போயிடுவாங்க. இனி எப்ப வருவீங்கன்னு பாப்பாகிட்டக் கேட்டேன். "பார்க்கலாம்பா"ன்னா.

நீ உள்ள போனியே தாயி. அவ்வளவு நேரம் இருந்தியே. பிள்ளையைத் தூக்கியிருப்பே. உன் சேலையில பவுடர் ஒட்டியிருக்கு பாரு, தோள்ல. பேர் சொல்லியிருப்பாங்க. என்ன பேர்?

நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா. எனக்குத் தெரிஞ்சா போதும். சண்டைக்கும் இடமில்லை, அவங்க வச்ச பேரையே நான் ஏத்துக்கிட்டேன். அடுத்த வாரம் தலைவர் வர்றது உறுதியாயிடுச்சு. அவங்க வச்ச அதே பேரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அவர் கையில கொடுத்துட்டா, அவர் அதையே மைக்குல சொல்லிடுவார். பிள்ளை இங்கே இல்லைன்னாலும் போட்டோ போதும். அவங்களுக்கும் அவங்க பேர், நமக்கும் ஒரு கௌரவம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

ஏன் எந்திரிக்கிறே? உட்காரு. நான் ஒண்ணும் தப்பாக் கேக்கலையே.

அப்ப உன்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. இன்னைக்கு வந்தவ நீ. உன் ஊர் எதுன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. உனக்குச் சொன்னாங்க.

சரி, பேர் வேண்டாம். எத்தனை எழுத்துன்னாவது சொல்லேன். மூணா, நாலா? நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். விரலைக் காட்டு, போதும்.

இந்தா, கூப்பிடுறா பாரு. பஞ்சவர்ணம் கூப்பிடுறா. பிள்ளை திரும்புது, பாரு, சிரிக்குது.

உனக்குக் கேக்குது இல்ல தாயி?